குளிர்காலக் காற்றும் கோடைக்காலக் காற்றும்: டென்மார்க்கில் டயர்க் காற்று மாற்றும் மரபு – ஒரு பன்முக ஆய்வு

முன்னுரை

காற்று கண்ணுக்குப் புலப்படாதது. ஆகவே அதைப் பற்றி யார் என்ன எழுதினாலும் மறுப்பது எளிதன்று. இவ்விரண்டு உண்மைகளின் மேல்தான் இவ்வாய்வு எழுப்பப்பட்டுள்ளது.

டென்மார்க்கில் அக்டோபர் நடுவில் பள்ளிகளுக்கு இலையுதிர்கால விடுமுறை வரும். அந்த விடுமுறையிலிருந்து ஈஸ்டர் வரை குளிர்கால டயரில் ஓடுவது அந்நாட்டார் வழக்கம். சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே இறங்கினால் கோடை டயரின் ரப்பர் இறுகிப் பிடிமானம் குறைந்துவிடும் என்பதால் மக்கள் தாங்களாகவே மாற்றிக்கொள்கிறார்கள். நல்ல குளிர்கால டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் பொறித்திருக்கும். டென்மார்க்கின் மிக உயர்ந்த இயற்கை மேடான மோல்லேஹோய் 171 மீட்டரைக்கூட எட்டவில்லை. அந்நாட்டுக் குழந்தைகள் மலையை முதன்முதலில் டயரில்தான் பார்க்கிறார்கள் என்பது இதன்வழி பெறப்படுகிறது.

இதுவரை எல்லாம் பொறியியல். ஆராய்ச்சிக்கு வேலை அடுத்த கேள்வியில்தான் தொடங்குகிறது. புது டயர் மாட்டிவிட்டுப் பெருமிதமாக நிற்கும் இளைஞனை, வண்டிப் பைத்தியம் முற்றிய மூத்தவர் ஒருவர் ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்பார்: டயரை மாற்றினாய், சரி, உள்ளே இருக்கிற காற்றை மாற்றினாயா? எல்லைக்கு அப்பால் ஜெர்மனியிலும் இதே கேள்வி உண்டு. கேட்பவர் சிரிக்கமாட்டார். சிரிப்பு, கேட்கப்பட்டவன் பெட்ரோல் நிலையத்துக்குப் போய்த் திரும்பிய பிறகு வரும்.

இப்பொருளில் தமிழில் இதுவரை ஆய்வு எதுவும் நிகழ்ந்ததாகத் தெரியவில்லை. இதை ஆய்வு இடைவெளி என்பர். ஒரு பொருளை இதுவரை யாரும் ஏன் தொடவில்லை என்று கேட்பது நம் பல்கலைக்கழக மரபன்று. இடைவெளி கண்டால் புகுந்துவிட வேண்டும். காற்றும் அதைத்தான் செய்கிறது (இக்கட்டுரையாளர், வெளிவரவுள்ளது).

கருதுகோள்

இருக்கலாம்.

ஆய்வு முறையியல்

நின்று பார்த்தல், நின்று கேட்டல், குளிர் தாங்காதபோது உள்ளே போதல்.

இயல் ஒன்று: கள ஆய்வு

நடு யூட்லாந்தின் ஹெர்னிங், பிராண்டே முதலிய ஊர்களில் 1980களிலிருந்து ஈழத்தமிழர் வாழ்ந்து வருகிறார்கள். ஹெர்னிங்கில் விநாயகர் கோயிலும் பிராண்டேயில் அபிராமி அம்மன் கோயிலும் இருக்கின்றன. கோயில் இருந்தால் வண்டிப் பூசை இருக்கும், வண்டிப் பூசை இருந்தால் எலுமிச்சம்பழம் இருக்கும். டென்மார்க்கில் வண்டி வாங்குவது சிறிய காரியமன்று. பதிவு வரி நெடுங்காலம் 180 சதவீதம் வரை இருந்தது. இப்போதும் மேல்தட்டில் 150 சதவீதம். ஒரு வண்டிக்கு ஒன்றரை வண்டி விலையை அரசாங்கத்துக்குக் கொடுத்தவன் நாலு எலுமிச்சம்பழத்துக்குக் கணக்குப் பார்க்கமாட்டான். கோடை டயருக்குப் பழம் வைத்து நசுக்கிய பின், அக்டோபரில் குளிர்கால டயர் மாட்டும்போது மறுபடி வைக்க வேண்டுமா, பூசை வண்டிக்கா டயருக்கா என்ற கேள்வி தனி ஆய்வுக்குரியது. இங்கே சுட்டிச் செல்வதோடு அமைவோம்.

கீழ்க்காணும் உரையாடல் அத்தகைய வண்டி ஒன்றைச் சுற்றி நின்றவர்களிடம் பதிவானது. தகவலாளிகள் மூவர். எல்லார் கையும் சட்டைப்பைக்குள் இருந்தது.

"என்ன தம்பி, வின்ரர் ரயர் போட்டாச்சோ?"

"ஓம் அண்ணை, போன கிழமைதான் மாத்தினது."

"காத்து?"

"அவங்களே அடிச்சு விட்டவங்கள் அண்ணை. ரெண்டு தசம் நாலு."

"அளவைக் கேக்கேல்லை. எந்தக் காத்து எண்டு கேட்டனான். வெயில் காலத்துக் காத்தை உள்ளுக்கை வைச்சுக்கொண்டு பனியிலை ஓடப்போறீரோ?"

"சும்மா விசர்க் கதை கதையாதேங்கோ அண்ணை."

இந்த இடத்தில் அதுவரை பேசாதிருந்த மூன்றாமவர், டயரைக் காலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சொன்னார்: "விசர்க் கதையில்லை தம்பி. என்ரை மச்சானுக்குப் போன வருசம் காத்து உறைஞ்சு, நாலு ரயரும் சதுரமாப் போச்சுது."

இளைஞன் நேராகப் பெட்ரோல் நிலையத்துக்குப் போனான். அங்கே கல்லாவில் நின்ற டேனியப் பெண்ணிடம் குளிர்காலக் காற்று, அதாவது 'வின்டர்லுஃப்ட்', இருக்கிறதா என்று கேட்டான். அவள் கணினித் திரையைச் சிறிது நேரம் பார்த்தாள். தீர்ந்துவிட்டது, வியாழக்கிழமைதான் வரும் என்றாள். அவசரமென்றால் இருக்கிற காற்றையே இரவு முழுக்க வெளியில் விட்டு வைக்கச் சொன்னாள்.

இவ்வுரையாடல்வழி அறியலாகும் உண்மைகள் பல. குளிர்காலக் காற்று ஒரு சரக்கு. அதற்குத் தட்டுப்பாடு உண்டு. வியாழன்தோறும் வந்து இறங்குகிறது. அந்தப் பெண் விளையாட்டாகச் சொல்லியிருக்கலாமே என்பர் சிலர். அவள் முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லை. டேனியர் முகத்தில் சிரிப்பு இல்லாதது எதற்கும் சான்றாகாது என்பர் வேறு சிலர். இரு தரப்பையும் இக்கட்டுரையாளர் வேறோரிடத்தில் விரிவாக மறுத்துள்ளார் (இக்கட்டுரையாளர், 'காற்றும் கல்லாவும்', எழுதப்படவுள்ளது, பக். 40–212).

களத்தில் கிடைத்த இன்னொரு செய்தியைச் சொல்லாமல் விடலாகாது. டென்மார்க்கில் டயர்களுக்கு ஹோட்டல் உண்டு. 'டெக்ஹோட்டல்' என்றே பெயர்ப்பலகை தொங்கும். பருவம் முடிந்த டயரைப் பட்டறையில் கொடுத்தால், எண் ஒட்டி, அடுக்கி, ஆறு மாதம் வைத்திருந்து திருப்பித் தருவார்கள். வாடகை உண்டு, சாப்பாடு இல்லை. வெளிநாட்டிலிருந்து படிக்க வரும் மாணவர்கள் கோபன்ஹேகனில் அறை கிடைக்காமல் அலையும்போது டயர்களுக்கு முன்பதிவே ஆகிவிட்டிருக்கும்.

ஆய்வாளனை உறங்கவிடாத சிக்கல் இங்கேதான் இருக்கிறது. ரிம்மோடு சேர்த்து இரண்டு செட் சக்கரம் வைத்திருப்பவரின் குளிர்கால டயருக்குள் ஏற்கெனவே காற்று இருக்கிறது. அது போன குளிர்காலத்தில் அடித்த காற்று. கோடை முழுவதும் ஹோட்டலில் தங்கிவிட்டு வந்திருக்கிறது. அவர் வண்டியில் ஏறுவது ஐயத்துக்கிடமற்ற, முதிர்ந்த, ஓராண்டு பழுத்த குளிர்காலக் காற்று! ஒரே செட் ரிம்மை வைத்துக்கொண்டு ரப்பரை மட்டும் கழற்றி மாட்டுகிறவனே பழைய காற்றைத் திறந்துவிட்டுப் புதிது நிரப்புகிறான். ஆக, டயரோடு காற்று மாறாதவர் டென்மார்க்கில் ஒருவர்கூட இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்கும் மூத்தவர்களுக்கு இது தெரியும். தெரிந்தும் கேட்கிறார்கள். வாய்மொழித் தேர்வு நடத்துகிறவர்களின் இயல்பு எந்த நாட்டிலும் ஒன்றே.

இயல் இரண்டு: காற்றின் வகைப்பாடு

குளிர்காலக் காற்று: மேலே காண்க.

கோடைக்காலக் காற்று: மேலே காண்க.

எல்லாப் பருவக் காற்று: எதற்கும் உதவாது, விலை அதிகம்.

பஞ்சர் கடைக் காற்று: தமிழ்நாட்டுக்கே உரியது. டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி வரும் இடத்தில் குச்சி செருகி அடையாளம் வைக்கும் வரை உடன் இருப்பது. இலவசமாகக் கொடுத்தாலும் இரண்டு ரூபாய் கொடுக்காமல் வருவது மரியாதையன்று.

நைட்ரஜன்: இயல் ஐந்து காண்க. பொறுமை வேண்டும்.

இயல் மூன்று: வரலாறு, அல்லது தரங்கம்பாடியின் உண்மைக் காரணம்

டேனியர் 1620இல் தரங்கம்பாடிக்கு வந்தனர். ஓவ கேட தலைமையில் வந்த கப்பல்கள், தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை, டேன்ஸ்போர்க் கோட்டை, ஆண்டுக்கு 3,111 ரூபாய் குத்தகை. இவை எல்லாப் பாடநூலிலும் உள்ளன. ஏன் வந்தார்கள் என்று கேட்டால் மிளகுக்கு என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறோம். நான்கு நூற்றாண்டாக நடந்துவரும் இப்பிழையை இனியும் பொறுப்பதற்கில்லை.

மிளகு வேண்டியவன் மலபாருக்கு அல்லவா போவான்? தரங்கம்பாடியில் என்ன இருக்கிறது? காற்று இருக்கிறது. டேன்ஸ்போர்க் கோட்டையின் மதிலில் மாலையில் போய் நின்றவர் எவரும் இதை மறுக்கமாட்டார். துண்டைக் கையால் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். ஆறு மாதம் இருட்டிலும் ஈரத்திலும் கிடக்கும் ஒரு நாட்டு அரசன், நான்காம் கிறிஸ்தியான், கோடைக்காலக் காற்றின் நிரந்தர இருப்பு ஒன்றைத் தேடினான் என்று கொள்வதே பொருத்தம். இரகுநாத நாயக்கர் அவ்வரசனுக்கு அனுப்பிய பொன்னேட்டுக் கடிதம் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கிறது. அதில் காற்றைப் பற்றி ஏதும் இருப்பதாக யாரும் சொன்னதில்லை. இவ்வளவு பெரிய செய்தியை எழுதாமல் விட்டார்கள் என்றால் அது எவ்வளவு இரகசியமாக இருந்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

குத்தகைத் தொகையை மறுபடி நோக்குக: 3,111. முதலில் ஒரு மூன்று, பின் மூன்று ஒன்றுகள். மூன்று சக்கரம், சக்கரத்துக்கு ஒரு காற்று. பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்டு டன்லப் என்ற கால்நடை மருத்துவர் 1888இல் காப்புரிமை பெற்ற காற்றடைத்த டயரை முதலில் மாட்டியது எதில்? தம் மகனின் மூன்று சக்கர சைக்கிளில். இது தற்செயல் என்பவர்கள் தற்செயலை நிறுவட்டும்.

இன்னும் உண்டு. காற்றடைத்த டயரை முதலில் கண்டவர் டன்லப் அல்லர். ஸ்காட்லாந்துக்காரர் இராபர்ட் வில்லியம் தாம்சன். தோல் உறைக்குள் ரப்பர் பூசிய கித்தான் குழாய் வைத்து அவர் செய்த சக்கரத்துக்கு இலண்டனில் காப்புரிமை பெற்ற ஆண்டு 1845. டேனியர் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்ற ஆண்டு எது? அதே 1845! 225 ஆண்டு கட்டிக் காத்த காற்றை, அதை அடைத்து வைக்க உலகில் ஒரு டயர் பிறந்த ஆண்டில் விற்பானா ஒருவன்? விற்றான் என்றால் காரணம் இருக்க வேண்டும்.

அந்தக் காரணத்தை இக்கட்டுரையாளரே கண்டறிந்தார் (இக்கட்டுரையாளர், 'தரங்கம்பாடிக் காற்றும் தடம்புரண்ட வரலாறும்', மூன்றாம் தொகுதி, முதலிரு தொகுதிகள் மூன்றாவது விற்றால் எழுதப்படும், அடிக்குறிப்பு 112, அவ்வடிக்குறிப்புக்கு எழுதிய அடிக்குறிப்பு 4). தரங்கம்பாடிக் கடற்கரையில் ஓசோன் நிறைந்த காற்று வீசுகிறது என்று சுற்றுலா எழுத்துகள் ஓயாமல் சொல்லும். யார் எந்தக் கருவியால் அளந்தார் என்று மட்டும் சொல்லாது. அது கிடக்கட்டும். ரப்பருக்கு ஓசோனைப்போல் எமன் வேறில்லை. பழைய டயரின் பக்கச்சுவரில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு ஓடுவது அதனால்தான். அதைத் தடுக்கவே டயர் செய்வோர் ரப்பரோடு மெழுகு சேர்க்கிறார்கள். டயர் வரப்போகிறது, இந்தக் காற்று அதற்கு ஆகாது என்று அறிந்த டேனியர் சொல்லாமல் கொள்ளாமல் ஆங்கிலேயர் தலையில் கட்டிவிட்டார்கள். பழைய கார் விற்பனையின் முதல் இலக்கணம் இங்கே வகுக்கப்படுகிறது.

இக்கருத்தை மறுத்தவர் உண்டு. மறுத்தவரும் இக்கட்டுரையாளரே ('தரங்கம்பாடி ஓசோன்: ஒரு மறுபார்வை', கையெழுத்துப்படி, காணாமற்போனது). அம்மறுப்பு நடுநிலை பிறழ்ந்தது, மூலத்தை முழுதும் படியாமல் எழுதியது என்று அவர் பின்னர் வன்மையாகக் கண்டித்திருக்கிறார் ('மறுபார்வைக்கு மறுப்பு', தட்டச்சில்). இருவரும் ஒரே துறையில் பணிபுரிந்தும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை.

விற்றவர்கள் சும்மா இருந்தார்களா என்றால், இல்லை. இன்று டென்மார்க்கின் மின்சாரத்தில் பாதிக்குமேல் காற்றாலையிலிருந்து வருகிறது. ஓகூஸ் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட வெஸ்டாஸ் நிறுவனம் சென்னையிலும் அலுவலகம் வைத்திருக்கிறது. முப்பந்தல் காற்றாலைகளில் இறக்கை சுழலும்போதெல்லாம், விட்டுப்போன காற்றை டேனியர் எண்ணிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றே கொள்க.

இனித் தமிழ்ச் சான்று. இது இல்லாமல் நம்மூரில் எந்த ஆய்வேடும் நிறைவு பெறாது. நான்கு திசைக் காற்றுக்கும் வாடை, தென்றல், கொண்டல், கோடை என்று தனித்தனியே பெயரிட்டவர் நம் முன்னோர். குளிர்காலக் காற்றையும் கோடைக்காலக் காற்றையும் டேனியர் பிரிப்பதற்கு ஈராயிரம் ஆண்டு முன்பே நாம் நாலாகப் பிரித்துவிட்டோம். அம்முன்னோரிடம் டயர் இருந்ததா என்று கேட்பது ஆய்வு நேர்மையன்று. இருந்தது, 'டயரியல்' என்ற நூலும் இருந்தது, கடல் கொண்டுவிட்டது. கடல் கொண்ட நூல்களைப் பற்றி எழுதுவதில் ஒரு வசதி உண்டு. மேற்கோள் சரிபார்க்க யாரும் மூச்சுப்பிடித்து முங்கமாட்டார்கள்.

சங்க இலக்கியத்தில் விமானம் கண்டவர்களும், கல்வெட்டில் அணுவைக் கண்டவர்களும் இம்முடிவை வரவேற்பார்கள் என்பதில் ஐயமில்லை. விமானம் தரையிறங்க டயர் வேண்டுமே.

இவ்வியலை முடிக்குமுன் அறிவிலிகள் பற்றி ஒரு சொல். யூட்லாந்தின் கிழக்குக் கரையில் மோல்ஸ் என்ற பகுதி உண்டு. அவ்வூரார் செய்ததாகச் சொல்லப்படும் அசட்டுக் காரியங்கள் 1771இலேயே நூலாக அச்சாயின. போர் வருகிறதென்று தேவாலய மணியை மறைக்கப் படகில் எடுத்துப் போய்க் கடலில் போட்டார்களாம். போட்ட இடம் மறக்காமலிருக்கப் படகின் விளிம்பில் கத்தியால் ஒரு வெட்டு. நம் பரமார்த்த குருவின் சீடர்கள் ஆறு உறங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையை முக்கிப் பார்த்தவர்கள். அக்கதைகளை எழுதிய வீரமாமுனிவருக்குத் தரங்கம்பாடியின் லுத்தரன் பாதிரியார்களோடு தீராத பகை. நூலே எழுதிச் சண்டை போட்டார். இரு நாட்டு அசடர்களும் தரங்கம்பாடித் துறைமுகத்தில் சந்தித்திருக்கக்கூடும் என்று இக்கட்டுரையாளர் கருதுகிறார். கருதுவதற்குக் கட்டணமில்லை.

இயல் நான்கு: அறிவியல்

இங்கே ஆய்வாளனுக்கு ஒரு தொல்லை நேர்கிறது. கேலியாகத் தொடங்கிய பொருளுக்குள் உண்மை புகுந்துவிட்டது.

20 டிகிரி வெயிலில் 2.4 பார் அழுத்தம் வைத்த டயர், வெளியே பூச்சியம் டிகிரி ஆகும் காலையில் 2.2 பாரைக்கூடக் காட்டாது. ஒரு துளிக் காற்றும் வெளியேறவில்லை, குளிர்ந்ததால் அழுத்தம் இறங்கிவிட்டது. பத்து டிகிரிக்குச் சுமார் 0.1 பார் என்று வைத்துக்கொள்ளலாம். நவம்பரில் முதல் உறைபனி விழுந்த காலையில் டென்மார்க் முழுவதும் டயர் எச்சரிக்கை விளக்குகள் மஞ்சளாக எரிவதும், பெட்ரோல் நிலையத்தில் காற்றுக் குழாய்க்கு வரிசை நிற்பதும் இதனால்தான். காற்றை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் குளிர்காலத்துக்கென்று கொஞ்சம் கூட்ட வேண்டும். மூத்தவரின் கேலி பாதி மெய்.

அடுத்த பாதியும் அவ்வளவு பொய்யில்லை. 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். பூச்சியம் டிகிரியில் ஐந்து கிராம்கூடத் தாங்காது. சென்னையில் ஆகஸ்டில் டயருக்குள் போகும் காற்றில் நீராவி அதிகம். ஜனவரியில் யூட்லாந்தில் அடிக்கும் காற்று எலும்புவரை உலர்ந்தது. பந்தயக் கார்க்காரர்கள் உலர்ந்த காற்றுக்காகத் தனிக் கருவி வைத்திருக்கிறார்கள். குளிர்காலக் காற்று என்று ஒன்று இருக்கிறது. தரமும் நன்று.

மூன்றாவதாக வருவதுதான் இக்கட்டுரையாளரின் உறக்கத்தைக் கெடுத்தது. 1952 ஜூன் மாதத்தில் கோபன்ஹேகனில் வில்லி டான்ஸ்கோர் என்ற இயற்பியலாளர் தம் வீட்டுத் தோட்டத்துப் புல்தரையில் காலி பீர் பாட்டில் ஒன்றை நிறுத்தி, வாயில் புனலைச் செருகி, மழையைப் பிடித்தார். பிடித்த மழையை ஆய்வகத்தில் நிறை நிறமாலைமானியில் ஓட்டிப் பார்த்தார். குளிர் கூடக்கூட மழையிலும் பனியிலும் ஆக்சிஜன்-18 என்ற கனத்த ஆக்சிஜன் குறைகிறது. கோடையில் பெய்வதற்கும் குளிர்காலத்தில் பெய்வதற்கும் ஆக்சிஜனிலேயே வேறுபாடு!

பட்டறைக்குப் புதிதாக வந்த பையனை, போய்ப் பீர் பாட்டிலில் புனல் வைத்து மழை பிடித்து வா, கோடை மழையா குளிர்கால மழையா என்று பார்க்க வேண்டும் என்று அனுப்பியிருந்தால் இன்றுவரை சொல்லிச் சிரித்திருப்பார்கள். டான்ஸ்கோரை அனுப்பியவர் யாருமில்லை, தாமாகவே போனார். இதே அளவீட்டைக் கிரீன்லாந்துப் பனியில் செய்தால் பழைய தட்பவெப்பத்தைப் படிக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. கேம்ப் செஞ்சுரி என்ற இடத்தில் அமெரிக்கர்கள் 1966இல் 1,387 மீட்டர் ஆழம் வரை துளைத்துப் பனித்தண்டு எடுத்திருந்தார்கள். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று டான்ஸ்கோருக்குத் தெரிந்திருந்தது. ஒரு இலட்சம் ஆண்டுத் தட்பவெப்பத்தை அந்தத் தண்டிலிருந்து படித்து 1969இல் வெளியிட்டார். ஆண்டுப் படலங்கள் போதிய தடிப்போடு இருந்த மேலடுக்குகளில் இது கோடை, இது குளிர்காலம் என்று மர வளையம்போல் எண்ணவும் முடிந்தது.

இத்தகைய துருவப் பனிக்குள் குமிழிகளாகப் பழைய காற்று அடைபட்டிருக்கிறது. அதை வெளியே எடுத்து அளந்துதான் பண்டைக் கரியமில வாயுவின் அளவைச் சொல்கிறார்கள். கிரீன்லாந்துப் பனித்தண்டுகளைக் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் நீல்ஸ் போர் நிறுவனத்தார் உறைகிடங்கில் அடுக்கி, எண் ஒட்டி, பாதுகாத்து வருகிறார்கள். மிகப் பழைய குளிர்காலக் காற்றுக்கு டென்மார்க்கில் ஹோட்டல் இருக்கிறது. கல்லாவில் நின்ற பெண் தீர்ந்துவிட்டது என்று சொன்னதைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

டான்ஸ்கோர் அளந்தது தண்ணீருக்குள் இருக்கும் ஆக்சிஜன், டயருக்குள் இருப்பது வேறு ஆக்சிஜன் என்று யாரேனும் எழுந்து நிற்கலாம். கருத்தரங்கில் மதிய உணவுக்கு முந்தைய அமர்வில் அந்தக் கேள்வி எழாது என்பது அனுபவம்.

இயல் ஐந்து: நைட்ரஜன்

குளிர்காலக் காற்று கேட்டுப் போன பையனைப் பார்த்துச் சிரித்தோம். இப்போது தமிழ்நாட்டுப் பெட்ரோல் பங்க் ஒன்றுக்கு வருக. ஒரு மூலையில் இலவசக் காற்று. இன்னொரு மூலையில் பச்சை வண்ணம் அடித்த இயந்திரம், டயருக்கு இவ்வளவு என்று பலகை. நைட்ரஜன் அடித்தால் வால்வுக்குப் பச்சை மூடி போட்டுத் தருவார்கள். பச்சை மூடி போட்ட வண்டிக்காரர் சிக்னலில் நிற்கும் நிலையே வேறு. மைலேஜ் கூடும், டயர் சூடாகாது, வண்டி மிதக்கும் என்று அவர் சொல்வார். யாரும் அவரைப் பார்த்துச் சிரிப்பதில்லை. ரசீது வைத்திருக்கிறார்.

இலவசக் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். காசு கொடுப்பது மிச்சத்துக்கு. கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற அமெரிக்க நுகர்வோர் இதழ் 31 வகை டயர்களில் காற்றும் நைட்ரஜனும் தலா 30 பிஎஸ்ஐ அடைத்து ஓராண்டு வெளியில் விட்டுப் பார்த்தது. காற்று சராசரியாக 3.5 பிஎஸ்ஐ இறங்கியிருந்தது, நைட்ரஜன் 2.2. ஆண்டு முழுவதற்கும் வேறுபாடு 1.3 பிஎஸ்ஐ. மாதத்துக்கு ஒருமுறை இலவசக் குழாயிடம் போகச் சோம்பல் படாதவருக்கு அந்த வேறுபாடும் இல்லை. விமான டயருக்கு நைட்ரஜன் வேண்டும், அதில் கேலிக்கு இடமில்லை. பிரேக் சூட்டில் உள்ளே ஆக்சிஜன் இருந்தால் வெடிக்கக்கூடும். திருச்சி–தஞ்சாவூர் சாலையில் அந்தச் சூடு வராது.

இல்லாத துணியை அரசனுக்கே விற்ற இருவர் கதையை 1837இல் வெளியிட்ட ஆண்டர்சன் டென்மார்க்காரர் என்பதைச் சுட்டாமல் போனால் இவ்வியலுக்கு ஒப்பியல் நோக்கு இல்லை என்று புறத்தேர்வாளர் எழுதிவிடுவார். சுட்டியாயிற்று.

இந்த இயலின் கண்டுபிடிப்பு வேறு. டயரின் ரப்பர் வழியே ஆக்சிஜன் வேகமாகக் கசியும், நைட்ரஜன் மெதுவாகக் கசியும். டயர் கொஞ்சம் இறங்கும்போது அதிகம் போனது ஆக்சிஜன். அதன்மேல் மறுபடி சாதாரணக் காற்றைக் கூட்டுகிறோம். மறுபடி இறங்குகிறது, மறுபடி ஆக்சிஜனே அதிகம் போகிறது, மறுபடி கூட்டுகிறோம். ஆண்டுகள் செல்லச் செல்ல உள்ளே இருப்பதில் நைட்ரஜன் தானாகவே ஏறிக்கொண்டு போகும். புது டயர் வாங்க மனமில்லாமல், காற்றை ஒருநாளும் முழுதாகத் திறந்துவிடாமல், இலவசக் குழாயில் சொட்டுச் சொட்டாகக் கூட்டிக்கொண்டே ஓட்டும் கஞ்சன்தான் நாட்டிலேயே உயர்தர வாயுவில் ஓடுகிறான். அவனுக்குப் பச்சை மூடி வாங்கிக் கொடுக்க யாருமில்லை.

கோடையிலும் குளிரிலும் காற்றை மாற்று என்ற அறிவுரை, ஆகவே, வாயுவியல் நோக்கில் பெருங்கேடு. மாற்றக்கூடாது. பாட்டனார் காற்றையே பேரனுக்கு விட்டுச்செல்ல வேண்டும்.

நன்றியுரையும் பரிந்துரைகளும்

என் நெறியாளருக்கு நன்றி. முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்த எல்லாரும் நெறியாளரின் ஸ்கூட்டருக்குக் காற்று அடித்துக் கொண்டு வந்திருப்பார்கள். அவர் வீட்டுக்குக் கேஸ் சிலிண்டர் பதிவு செய்திருப்பார்கள். அவர் மகளின் கல்யாணப் பத்திரிகைக்கு மெய்ப்புத் திருத்தியிருப்பார்கள். இல்லாத நூலைத் தேடி மூன்று நூலகத்துக்கு அனுப்பப்பட்டவர்களும் உண்டு. பட்டறைப் பையனை அரை நாளில் திருப்பி அழைத்துச் சிரித்து, தேநீர் வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். பல்கலைக்கழகத்தில் ஐந்தாண்டு ஆகிறது. தேநீரை நாம்தான் வாங்க வேண்டும்.

இத்துறையில் மேலும் ஆய்வுகள் நிகழ வேண்டும். இண்டிகேட்டருக்கு ஊற்றும் எண்ணெய், ஹாரனுக்குரிய மாற்றுச் சத்தம், டீசல் வண்டிக்கான தீப்பொறி பிளக் ஆகியவற்றைப் பற்றிய தனிவரைவுகள் இக்கட்டுரையாளரிடம் தலைப்பு நிலையில் உள்ளன. இவை குறித்துத் தரங்கம்பாடியில் மூன்று நாள் பன்னாட்டுக் கருத்தரங்கம் கூட்டலாம். பன்னாடு என்பதற்கு டென்மார்க்கிலிருந்து ஒருவர் வந்தால் போதும். அவர் வரமுடியாமல் வாழ்த்துச் செய்தி அனுப்பினாலும் போதும். கட்டுரை அனுப்புவோர் காற்றின் அறிவியல், அழகியல், பெண்ணியம், பின்நவீனத்துவம் ஆகிய எந்தக் கோணத்திலும் எழுதலாம். ஐந்து பக்கத்துக்கு மிகாமல் ஒருங்குறியில் இருத்தல் வேண்டும். வராதவர்களுக்கும் சான்றிதழ் உண்டு. பதிவுக் கட்டணத்தில் கோப்பு, பேனா, மதிய உணவு, ஆய்வுக்கோவை எல்லாம் அடங்கும். காரில் வருவோருக்கு நைட்ரஜன் மட்டும் தனி.